6 பி.பி.சி.யா, 6 பி.ஆரா, டேஷரா? குழலுக்கு முன் பித்தளையை முடிவு செய்யுங்கள்

அமெரிக்காவில் துல்லிய இலக்குச் சுடுதலுக்காகப் புதிய குழல் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தத் தோட்டா அதிகத் துல்லியம்?" என்பதுதான். 6 பி.பி.சி., 6 பி.ஆர்., 6 டேஷர் என்ற மூன்று தோட்டாக்களுக்குள் தேர்வு வந்து நிற்கும்போது அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. மூன்றும் ஒரே 6 மி.மீ. விட்டமுள்ள குண்டைத்தான் சுடுகின்றன. நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கிக் கைவினைஞர்) சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, வெட்டிக் கொடுத்த குழலில், நம்மில் பெரும்பாலோரின் கைத்திறனைவிட மூன்றுமே நன்றாகச் சுடும்.

உண்மையான வித்தியாசம் மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறையில் இருக்கிறது. பி.பி.சி.யின் உறையைப் பெரும்பாலும் நீங்களே வேறொரு உறையிலிருந்து உருவாக்க வேண்டும். பி.ஆர். உறை பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே சரியான வடிவில் இருக்கும். டேஷருக்கு இரண்டு வழியும் உண்டு. ஒரே நேரத்தில் எத்தனை உறைகள் தயாராக இருக்க வேண்டும், ஒவ்வொன்றின் மீதும் எவ்வளவு நேரம் செலவிட உங்களுக்கு மனம் இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் தேர்வு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் பலரும் குழலை வாங்கிய பிறகுதான் இதை யோசிக்கிறார்கள்.

6 பி.பி.சி.: உழைப்பு அதிகம், எண்ணிக்கை குறைவு

சோவியத் 7.62×39 உறையின் கழுத்தை, அதாவது குண்டைப் பிடிக்கும் வாய்ப்பகுதியை, சுருக்கிப் பிறந்தது 220 ரஷ்யன். லூ பால்மிசானோ என்ற அறுவை சிகிச்சை மருத்துவரும், ஃபெர்ரிஸ் பிண்டெல் என்ற கருவி வல்லுநரும் 1970களின் நடுவில் அந்த உறையை எடுத்து, உடலின் சரிவைக் குறைத்து, தோளை (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவை) 30 டிகிரிக்கு நிமிர்த்தி, கழுத்தை 6 மி.மீ.க்கு விரித்தார்கள். பெயரில் உள்ள இரண்டு 'பி'களும் அவர்களுடையவை. அதுவரை பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் போட்டி) மேசைகளை ஆண்டுகொண்டிருந்த 222 ரெமிங்டன் குடும்பத்தைச் சில ஆண்டுகளிலேயே இது ஓரம் கட்டிவிட்டது. 100, 200 கஜம் குழுச் சுடுதலில், அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று அளக்கும் போட்டியில், இன்றும் இதுதான் முதலிடம்.

இன்றும் பெரும்பாலான போட்டியாளர்கள் ஃபின்லாந்தின் லாபுவா நிறுவனம் செய்யும் 220 ரஷ்யன் உறையை வாங்கித்தான் பி.பி.சி. ஆக்குகிறார்கள். அந்த உறையில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமருக்கான சிறிய குழியும், அதன் தீ மருந்துக்குப் போகச் சுமார் 1.5 மி.மீ. அளவுள்ள சிறிய தீத்துளையும் இருக்கின்றன. பிரைமர் இருக்கும் அடிப்பக்கமான தலைப்பகுதி கெட்டியானது, அழுத்தம் தாங்கும். நார்மா நிறுவனம் நேரடியாக 6 பி.பி.சி. உறை விற்றும்கூட, லாபுவாவின் பித்தளைக்காக உழைக்கத் தயாராக இருப்பவர்களே அதிகம்.

வேலை எப்படிப் போகும் என்று பார்ப்போம். முதலில் கழுத்தின் உள்ளே மசகு தடவி, மேண்ட்ரல் என்ற வழவழப்பான எஃகுக் கம்பியால் 5.6 மி.மீ. கழுத்தை 6 மி.மீ.க்கு விரிக்க வேண்டும். அப்புறம் எல்லா உறைகளின் வாயையும் ஒரே நீளத்துக்கு வெட்ட வேண்டும். இதைத் தள்ளிப்போடக் கூடாது. அடுத்த கட்டத்தில் கழுத்தைச் சீவும் கருவி எங்கே நிற்கும் என்பதை இந்த நீளம்தான் தீர்மானிக்கிறது. நீளம் மாறினால் சிலவற்றில் தோள்வரை வெட்டும், சிலவற்றில் முன்பே நின்றுவிடும்.

கழுத்தைச் சீவுவதுதான் இதில் நேரம் பிடிக்கும் பகுதி. போட்டிக்கான பி.பி.சி. சேம்பர்களில் கழுத்துப் பகுதியின் விட்டம் வழக்கமாக 0.262 இஞ்ச். உள்ளே போகும் தோட்டாவின் கழுத்து அதைவிடச் சிறியதாக இருந்தாக வேண்டும். குண்டின் விட்டம் 0.243 இஞ்ச். தோட்டாவின் கழுத்தை 0.2605 இஞ்சுக்கு வைத்தால், ஒரு பக்கச் சுவருக்குக் கிடைப்பது 0.00875 இஞ்ச், அதாவது 0.22 மி.மீ. தொழிற்சாலையிலிருந்து வரும் சுவர் இதைவிடத் தடிமனானது, சுற்றிலும் ஒரே சீராகவும் இருக்காது. சீவிய பிறகு ஒரு இஞ்சில் பத்தாயிரத்தில் இரண்டு பங்குக்குள் சீராக வைக்க முடிகிறது. குண்டு குழலின் நடுக்கோட்டில் நேராகப் புறப்பட இந்தச் சீர் உதவுகிறது.

கத்தியைத் தோளின் தொடக்கத்தில் இம்மியளவு நுழையும்படி நிறுத்துவது நல்லது. இல்லாவிட்டால் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் தடித்த வளையம் ஒன்று தங்கிவிடும். குண்டின் அடிப்பாகம் அங்கே உரசினால் பிடிமானம் தோட்டாவுக்குத் தோட்டா மாறும். கத்தி ஆழமாகப் போய்விட்டால் அந்த இடம் பலவீனமாகிக் கழுத்தே துண்டாகலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். 0.262 இஞ்ச் சேம்பரில் சீவாத உறையைத் திணித்துச் சுட்டால், குண்டை விடுவிக்கக் கழுத்து விரிய இடம் இருக்காது. அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். துப்பாக்கியும் போகலாம், கண்ணும் போகலாம். கழுத்தின் அளவைக் குழலின் மேலேயே பொறித்து வைக்கும் பழக்கம் இதனால்தான் வந்தது. பழைய குழல் வாங்குபவர் அந்த எண்ணைப் பார்க்காமல் ஒரு தோட்டாவைக்கூட உள்ளே விடக் கூடாது.

சீவி முடித்ததும் தோட்டாவை நிரப்பிச் சுட்டால், எரிவாயுவின் அழுத்தத்தில் பித்தளை விரிந்து சேம்பரின் சுவரில் ஒட்டி அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். பிறகு இம்மியளவு சுருங்குவதால்தான் உறையை வெளியே எடுக்க முடிகிறது. இந்த முதல் சுடுதலில் குண்டைச் சற்று வெளியே நீட்டி, குண்டைச் சுழலவைக்கக் குழலின் உள்ளே வெட்டிய வரிப்பள்ளத்தின் தொடக்கத்தில் அழுந்தும்படி வைப்பார்கள். அப்போது உறையின் தலை பின்னால் தள்ளப்பட்டு, சேம்பரைப் பின்னிருந்து மூடும் போல்ட்டின் முகத்தில் படிந்து நிற்கும். அப்படி நிற்காத உறையை ஃபயரிங் பின் (பிரைமரைத் தட்டும் ஊசி) முன்னே தள்ளிவிடும். உடல் சேம்பரில் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் பின்னால் இழுபட்டு, தலைக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துவிடும். வெளியிலிருந்து அது தெரியாது. சில சுற்றுகள் கழித்து உறை இரண்டாகப் பிரியும்போதுதான் தெரியும்.

இவ்வளவு வேலையா என்று மலைப்பவர்கள் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் ஒரு குழு என்பது ஐந்து குண்டு; ஐந்து குழுக்களின் சராசரிதான் மதிப்பெண். போட்டியாளர்கள் நிரப்பும் கருவிகளை மைதானத்துக்கே கொண்டுவந்து, சுற்றுகளுக்கு நடுவே அதே உறைகளைத் திரும்ப நிரப்புகிறார்கள். ஓஹையோவில் கெல்ப்ளி மைதானத்தில் நடக்கும் சூப்பர் ஷூட் போன்ற பெரிய போட்டியிலும் சுடுதலுக்குச் சமமாக மும்முரமாக நடப்பது இந்த நிரப்பும் வேலைதான். இருபது நல்ல உறைகள் இருந்தால் ஒரு வார இறுதியைக் கடத்திவிடலாம். இருபது உறைகளை ஒவ்வொன்றாகச் சீவுவது ஒரு மாலை நேர வேலை. பி.பி.சி.யின் உழைப்பு அந்த விளையாட்டுக்குப் பொருந்திப் போவதன் ரகசியம் இதுதான்.

சீவ விருப்பம் இல்லாதவர்களுக்காகச் சுமார் 0.27 இஞ்ச் கழுத்துள்ள அகலமான பி.பி.சி. சேம்பரும் வெட்டித் தருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கழுத்தை விரித்து, சுட்டு வடிவேற்றும் வேலை எப்படியும் இருக்கிறது. அதைச் செய்யத் துணிந்தவர் சீவுவதை மட்டும் விட்டுவிட்டால் உழைப்பில் பாதியும் பலனில் பாதியும்தான் மிஞ்சும். சீவக் கூடாது என்று முடிவெடுத்தவருக்கு அடுத்த தோட்டாதான் சரி.

6 பி.ஆர்.: பெட்டியைத் திறந்தால் போதும்

இதுவும் ஒரு காலத்தில் கையால் உருவாக்கிய தோட்டாதான். 1978 வாக்கில் ரெமிங்டன் பி.ஆர். வகையைக் கொண்டுவந்தபோது, சிறிய பிரைமர் குழியுள்ள, 308 வின்செஸ்டர் தோட்டாவின் தலை அளவு கொண்ட குட்டையான அடிப்படை உறையை வாங்கிக் கழுத்தைத் தானே சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. 1996இல் நார்மா இதை 6 மி.மீ. நார்மா பி.ஆர். என்று தரப்படுத்தி, நீளமான குண்டுகளுக்கு ஏற்ற சேம்பர் அளவுகளையும் வகுத்தது. லாபுவாவும் உறை செய்யத் தொடங்கியதும் கதை மாறியது. சிறிய பிரைமர், சிறிய தீத்துளை, நூறு நூறாகப் பெட்டியில் அடுக்கிய சீரான உறைகள்.

லாபுவா உறையில் குண்டு வைத்தால் கழுத்தின் வெளி விட்டம் ஏறக்குறைய 0.269 இஞ்ச் வரும். சேம்பரை வெட்டும் ரீமர் என்ற கருவியின் கழுத்து 0.272 இஞ்ச் என்று இருந்தால் 0.003 இஞ்ச் இடைவெளி கிடைக்கிறது, சீவ வேண்டிய அவசியமே இல்லை. புதிய உறையில் நான் செய்யச் சொல்வது மிகக் குறைவு. மேண்ட்ரலை ஒருமுறை விட்டுக் கழுத்தை வட்டமாக்குங்கள். வாயின் உள் விளிம்பையும் வெளி விளிம்பையும் லேசாகச் சீவுங்கள். தீத்துளையில் பிசிறு இருக்கிறதா என்று பாருங்கள். முதல் சுடுதலிலேயே போட்டிக்குத் தகுந்த குழு வரும், பயிற்சியும் வீணாகாது.

எஃப்-கிளாஸ் மாதிரி நடுத்தூரப் போட்டியில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண்ணுக்கு மட்டும் ஒரு நாளில் அறுபது குண்டு, குறி சரிபார்க்கும் குண்டுகள் தனி. நடுவில் உட்கார்ந்து நிரப்ப நேரமில்லை. நூறு உறைகளாவது ஒரே மாதிரி தயாராக இருக்க வேண்டும். நூறு உறைகளை ஒவ்வொன்றாகச் சீவி, விரித்து, சுட்டு வடிவேற்றுபவர் அந்த நாட்களைக் காற்றைப் படிக்கப் பழகுவதில் செலவிட்டால் மதிப்பெண் அதிகம் கூடும். 600 கஜத்தில் தோற்கடிப்பது பெரும்பாலும் காற்றுதான், கழுத்துச் சுவரின் தடிமன் அல்ல.

டேஷர்: வழியைத் தேர்ந்தெடுப்பதே வேலை

பி.ஆர். உறையின் தோளை சுமார் 0.1 இஞ்ச் முன்னே தள்ளி, 40 டிகிரிக்கு நிமிர்த்தினால் டேஷர். கழுத்து குட்டையாகிறது, வெடிமருந்துக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கிறது, குண்டின் வேகம் சற்று ஏறுகிறது. இதற்குத்தான் இவ்வளவு பாடு.

பி.ஆர். உறையை நேரடியாக டேஷர் சேம்பரில் வைத்தால் தோள் எதிலும் முட்டாது. மேலே சொன்ன தலை இழுபடும் ஆபத்து இங்கே பி.பி.சி.யைவிட அதிகம். 220 ரஷ்யன் உறை வழக்கமாகக் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் பி.பி.சி. சேம்பரைத் தொட்டு நிற்கும். இங்கே அந்த ஆதரவு போதாது. ஆகவே கழுத்தை முதலில் 6 மி.மீ.யைத் தாண்டி விரித்து, பிறகு மேல்பகுதியை மட்டும் திரும்பச் சுருக்கி, நடுவில் ஒரு போலித் தோள் விடுவார்கள். போல்ட்டை மூடும்போது லேசாக இறுக்கம் தெரிந்தால் போலித் தோள் சரியான இடத்தில் நிற்கிறது என்று பொருள். குண்டை வரிப்பள்ளத்தில் அழுத்தி வைப்பது இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. போலித் தோளை நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் அது குண்டைத் திரும்ப எடுக்க வேண்டிய நிலையிலும் உறையைப் பிடித்து நிற்கும்.

குண்டே இல்லாமல், வேகமாக எரியும் மருந்தின் மேல் ரவை போன்ற தானியத்தைக் கொட்டி மெழுகால் அடைத்துச் சுடுபவர்களும் இருக்கிறார்கள். குண்டுச் செலவு மிச்சம், குழல் தேய்வும் குறைவு. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தம் எவ்வளவு என்று தெரியாமல் செய்யும் வேலை இது. தோளின் விளிம்பும் பல நேரம் முழுதாகக் கூர்மையாவதில்லை.

நீரழுத்த முறை இதைவிட நிதானமானது. ஹார்னடி, விட்டன் போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே டை என்ற எஃகு அச்சைச் செய்கின்றன. உறையை டையில் வைத்து, நீரால் நிரப்பி, மேலே பொருந்தும் கம்பியைச் சுத்தியலால் அடித்தால் நீர் பித்தளையை வெளியே தள்ளும். வெடிமருந்து வேண்டாம், புதிய பிரைமரும் வேண்டாம். பழைய பிரைமரைக் குழியிலேயே விட்டு அடைத்துக்கொள்ளலாம். வீட்டு கேரேஜிலேயே செய்யலாம். வடிவம் பெருமளவு வந்துவிடும். தோளின் முனை மட்டும் கொஞ்சம் மழுங்கலாக இருக்கும், அது முதல் சுடுதலில் சரியாகும். போலித் தோள் தேவையில்லை என்பது பெரிய வசதி.

ஆனால் டேஷர் அதிகம் சுடப்படுவது எங்கே? பி.ஆர்.எஸ். (பிரிசிஷன் ரைஃபிள் சீரிஸ்) போன்ற களப் போட்டிகளில். இரண்டு நாளில் ஏறக்குறைய இருநூறு குண்டு போகும். ஓடியாடிச் சுடும் இடத்தில் உறைகள் புல்லிலும் சேற்றிலும் விழும், சில திரும்பவே கிடைக்காது. இருநூறு உறைகளைக் குண்டு வைத்துச் சுட்டு வடிவேற்றினால் குழலின் ஆயுளில் இருநூறு குண்டு போட்டிக்கு முன்பே செலவாகிவிடும். அத்தோடு இருநூறு பிரைமர், இருநூறு குண்டு, மருந்து. இப்போது நார்மாவும் ஆல்ஃபாவும் நேரடியாக டேஷர் உறை விற்கின்றன. விலை கூடத்தான். ஆனாலும் மேலே சொன்ன செலவைக் கூட்டிப் பார்த்தால் அந்த விலை நியாயமாகவே படுகிறது. களப் போட்டிக்கு டேஷர் என்றால் ஆயத்த உறையை வாங்குங்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கையில் ஏற்கெனவே நல்ல பி.ஆர். உறைகள் கிடக்கின்றன, சில டஜன் போதும் என்பவருக்கு நீரழுத்த டை பொருத்தம்.

மூன்றுக்கும் பொதுவானவை

தோட்டா உறைப் பித்தளையில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். வளைக்க வளைக்க இறுகும் உலோகம். கும்பகோணத்துப் பட்டறையில் பாத்திரம் அடிப்பவர், தட்டித் தட்டி இறுகிய தகட்டை மறுபடி சூடு காட்டி இளக்கித்தான் மேலே தட்டுவார். உறையின் கழுத்துக்கும் அதே கதிதான். விரித்து, சுருக்கி, சுட்டு வடிவேற்றிய கழுத்து அதிகமாக வேலை வாங்கப்பட்ட கழுத்து. அதனால் உருவாக்கிய உறைகளுக்குச் சூடு காட்டி இளக்குவது பி.ஆர். உறையைவிட முன்னதாகவே தேவைப்படும். கேஸ் சுடரில் சுழற்றும் கருவி, மின்தூண்டல் கருவி என்று இரண்டு வகை உண்டு. நியூசிலாந்தின் ஏ.எம்.பி. மின்தூண்டல் கருவி விலை அதிகம், ஆனால் ஒவ்வொரு உறைக்கும் ஒரே அளவு சூடு கொடுக்கும். சுடரில் செய்வதானால் வெப்பநிலை காட்டும் பூச்சைத் தடவிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சூடு கழுத்திலும் தோளிலும் நிற்க வேண்டும். தலை இளகிய உறையைக் குப்பையில் போடுவதைத் தவிர வழியில்லை.

இளக்காத பித்தளைக்கு இன்னொரு எதிரி அமோனியா. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் சேமித்து வைத்த தோட்டாக்களின் உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் எழும் அமோனியாவும் ஈரமும், உறைக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921இல் விளக்கினார்கள். இன்றும் குழலில் படிந்த செம்பைக் கரைக்கும் சில திரவங்களில் அமோனியா இருக்கிறது. பாத்திரம் துலக்கும் சில பாலிஷ்களிலும் இருக்கிறது. பளபளப்புக்காக அவற்றை உறையின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அரைத்த மக்காச்சோளக் கதிர்ச் சக்கையில் உருட்டி எடுப்பதே போதும்.

சுட்டு வடிவேற்றிய பிறகு கழுத்தை மட்டும் சுருக்குவதா, முழு உடலையும் சுருக்குவதா என்ற பழைய விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. முழு நீள டையில் தோளை 0.001 முதல் 0.002 இஞ்ச் வரை மட்டும் பின்னே தள்ளுங்கள். போல்ட் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மூடும். துப்பாக்கியை மேசையில் அசைக்காமல் அடுத்த குண்டை ஏற்ற முடிவது குழுவின் அளவில் தெரியும்.

என் தேர்வு

100, 200 கஜம் குழுச் சுடுதலில் போட்டியிடப் போகிறீர்கள் என்றால் பி.பி.சி., 0.262 இஞ்ச் கழுத்து, லாபுவா 220 ரஷ்யன் உறை. வேலையைச் சுருக்கப் பார்க்காதீர்கள். 300 முதல் 600 கஜம் வரை தாளில் சுடுவதும், கைத்திறன் வளர்ப்பதும்தான் நோக்கம் என்றால் 6 பி.ஆர்., 0.272 கழுத்து. முதல் துல்லியத் துப்பாக்கி வாங்குபவர் யாராக இருந்தாலும் இதையே சொல்வேன். களப் போட்டிக்கு ஆயத்த உறையோடு டேஷர். வேகத்துக்காக மட்டும் பி.ஆரிலிருந்து டேஷருக்கு மாற நினைப்பவர், நீங்கள் சுடும் தூரத்தில் அந்தக் கூடுதல் வேகம் காற்று விலகலை எவ்வளவு குறைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 300 கஜத்தில் அது கண்ணில் படும் அளவுக்கு இருக்காது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் செய்யும் வரிசை ஒன்றுதான். முதலில் ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த உறைகளை, குழலின் ஆயுள் முழுக்கப் போதுமான அளவு, மொத்தமாக வாங்குங்கள். அதில் சிலவற்றை எடுத்து, நீங்கள் சுடப்போகும் குண்டை மருந்தும் பிரைமரும் இல்லாமல் வைத்து, கழுத்தின் விட்டத்தை அளந்து எழுதுங்கள். சீவுவதாக இருந்தால் சீவிய பிறகு அளவிடுங்கள். அந்த வெற்றுத் தோட்டாக்களையும் அளவையும் கன்ஸ்மித்திடம் கொடுத்து, அவர் வைத்திருக்கும் ரீமரின் வரைபடத்தில் கழுத்தின் எண் என்ன என்று கேட்டுச் சரிபார்த்த பிறகே குழலை வெட்டச் சொல்லுங்கள்.